ஒரு கோடி ரூபாய் உத்தியோகம்

வீட்டுப் பிள்ளை ஒருவர் மென்பொருள் நிறுவனமொன்றில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறார் என்றும், இப்போது தம்மைப் போன்ற ஐந்தாறு பேருக்கு மேலாளராக உயர்ந்து ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் சம்பளத்துக்கு அழைப்புப் பெற்றிருக்கிறார் என்றும் கேள்விப்படும் குடும்பத்தாருக்கு, அவர் என்ன வேலை செய்கிறார் என்பது விளங்காமற் போனாலும், அந்தத் தொகை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி விளங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. வேலையைப் பற்றிய குழப்பத்தைக் காட்டிலும் தொகையைப் பற்றிய இந்தத் தெளிவுதான் அதிக ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இந்தத் தொழிலில் படி ஏற ஏற, கையில் நிச்சயமாக வந்து சேரும் பணத்தின் பங்கு குறைந்து, பின்னால் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பின் பங்கு வளர்ந்துகொண்டே போகிறது. அந்த மாறுதல் எந்தப் படியில் நிகழ்கிறது, ஏன் நிகழ்கிறது என்பதை அறியாமலே வேலை மாறுகிறவர்களும், வீட்டுக்கடன் வாங்குகிறவர்களும், கல்யாணப் பேச்சில் தொகையைச் சொல்லி வைக்கிறவர்களும் நம்மிடையே பெருகி வருகிறார்கள்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஒரு செயலியையோ மென்பொருளையோ எழுதி உருவாக்குகிறவர்கள் பொறியாளர்கள். அதன் தோற்றத்தையும் நடையையும் அமைக்கிறவர்கள் வடிவமைப்பாளர்கள். அதை ஊரெங்கும் கொண்டுபோய் விற்கிறவர்கள் விற்பனைப் பிரிவினர். இவர்களில் எவருக்கும் ப்ராடக்ட் மேனேஜர் எஜமானர் அல்லர். எந்த வாடிக்கையாளரின் எந்தச் சிரமத்தைத் தீர்ப்பது, எதை இந்தக் காலாண்டில் செய்வது, எதை எவ்வளவு கேட்டாலும் செய்யாமல் விடுவது, செய்து முடித்ததற்கு என்ன விலை வைப்பது என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைத் தமக்குக் கட்டுப்படாத பல பேர் மனமுவந்து ஏற்கும்படி செய்வதே அவர் பணி. கல்யாண வீட்டில் சமையற்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் பந்தற்காரருக்கும் உத்தரவிடும் உரிமையில்லாத ஒரு பெரியவர், அனைவரையும் இணக்கமாக நடத்திச் சென்று, முகூர்த்தம் தவறினால் மட்டும் அத்தனை பேருடைய பார்வைக்கும் தாமே ஆளாகிறாரே, அவருடைய நிலைமைதான் இது. அதிகாரம் இல்லை, பொறுப்பு முழுவதும் உண்டு.

இந்த உத்தியோகம் கணினி யுகத்தில் முளைத்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதன் மூலம் சோப்பு வியாபாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து ப்ராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனியில் கேமே என்னும் சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மக்கெல்ராய் என்ற இளைஞர், அதே கம்பெனியின் புகழ்பெற்ற ஐவரி சோப்புக்கு முன்னால் தம் சரக்கு கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டு, 1931ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவர் ஊர் ஊராக விற்பனைக் கணக்கை ஆராய்ந்து, எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது என்று கண்டறிந்து, பரிகாரத்தையும் தாமே வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே பக்கத்தில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதையே ஒழுக்கமாகக் கொண்டிருந்த அந்தக் கம்பெனியில், மூன்று பக்கம் நீண்ட அக்குறிப்பு ஏற்கப்பட்டது. மக்கெல்ராய் பின்னாளில் அந்த ஸ்தாபனத்தின் தலைவராகி, 1957 முதல் 1959 வரை ஐசன்ஹோவர் அரசில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். ஒரு சரக்கைத் தன்னுடையதாகக் கருதி முழுப் பொறுப்பேற்கும் பழக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இத்தொழிலின் முதல் ஆளே உதாரணமாகிவிட்டார்.

சோப்பிலிருந்து மென்பொருளுக்கு இது வந்து சேர்ந்த வழி நீண்டது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டு கூகுளில் மரிஸா மேயர், கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவந்தவர்களையே துணை ப்ராடக்ட் மேனேஜர்களாக எடுத்துப் பழக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார் என்பதும், அதன் பிறகு உலகெங்கும் இளைஞர்கள் முதல் வேலையாகவே இதை நாடும் வழக்கம் வலுப்பெற்றது என்பதும் போதும். இரண்டாண்டு கழித்து 2004இல் அதே கூகுளில், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை ப்ராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தார். டூல்பார் என்ற சிறு கருவியில் தொடங்கி, 2008இல் வெளிவந்த குரோம் உலாவியை முன்னின்று நடத்தி, 2015இல் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கே வந்த அவருடைய வரலாறு தமிழ்நாட்டு வீடுகளில் இந்த உத்தியோகத்துக்கு ஏற்பட்டுள்ள கவர்ச்சிக்கு ஒரு பெருங்காரணம்.

இப்போது அடுத்த படிக்கு வருவோம். துணை நிலையில் ஓரிரண்டு ஆண்டு, ப்ராடக்ட் மேனேஜராகச் சில ஆண்டு, சீனியர் என்ற அடைமொழியோடு மேலும் சில ஆண்டு என்று எட்டுப் பத்து ஆண்டுகளைக் கடந்தவருக்கு, க்ரூப் ப்ராடக்ட் மேனேஜர் என்ற பதவி கண்ணெதிரே வருகிறது. அதற்கு மேல் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், எல்லாவற்றுக்கும் சிகரமாகத் தலைமை ப்ராடக்ட் அதிகாரி. இந்த வரிசையைப் பார்த்தால் ஒரே ஏணியின் படிகளாகத்தான் தோன்றும். ஆனால் சீனியருக்கும் க்ரூப்புக்கும் இடையில் ஏணி மாறிவிடுகிறது. அதுவரை அவர் ஒரு சரக்கைப் பற்றித் தாமே யோசித்தார். வாடிக்கையாளரின் கடைக்குப் போய் அருகில் உட்கார்ந்து அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று தாமே பார்த்தார். பொறியாளரோடு பலகையின் முன் நின்று தாமே வாதாடினார். இனி அந்தச் சந்தோஷங்கள் யாவும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு உரியவை. அவருடைய கையில் மிஞ்சுவது வேறு வகைக் காரியங்கள்: யாரை வேலைக்கு எடுப்பது, இருக்கும் 40 பொறியாளர்களை ஐந்து சரக்குகளுக்கு எப்படிப் பங்கிடுவது, எந்தச் சரக்கை மூடிவிடுவது, அப்ரைசல் காலத்தில் எவருக்கு என்ன எழுதுவது, தம்மைவிடக் கூர்மையான ஓர் இளையவரின் தீர்மானம் தமக்கு உவப்பில்லாதபோதும் அதை நடக்கவிடுவது. இவற்றுள் கடைசிக் காரியமே மிகக் கடினமானது. தாமே திறம்படச் செய்யக்கூடிய ஒன்றைப் பிறர் சுமாராகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அது முந்தைய பத்தாண்டில் எங்கும் கற்பிக்கப்படுவதில்லை.

இதைப் பற்றிக் கூகுளிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்தது. மேலாளர்கள் அவசியந்தானா என்ற சந்தேகம் பொறியாளர்கள் நிறைந்த அந்த நிறுவனத்தில் எப்போதுமே உண்டு. ஆகவே 2008ஆம் ஆண்டளவில் ப்ராஜெக்ட் ஆக்சிஜன் என்ற பெயரில், நல்ல மேலாளர்களிடம் என்னென்ன குணங்கள் காணப்படுகின்றன என்று தங்கள் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் கருத்துக் கணிப்புகளையும் அலசிப் பார்த்தார்கள். மேலாளர்கள் அவசியமே என்று தெரிந்தது. சிறந்தவர்களிடம் காணப்பட்ட எட்டுப் பழக்கங்களும் தெரிந்தன. பிறரைப் பயிற்றுவிப்பது, ஒவ்வோர் அடியிலும் தலையிடாமல் பொறுப்பை ஒப்படைப்பது போன்றவை முன்னால் நிற்க, தொழில்நுட்ப ஞானம் எட்டாவதாகக் கடைசியில் நின்றது. எந்தத் திறமையால் ஒருவர் அதுவரை உயர்ந்தாரோ, அந்தத் திறமை இனிமேல் அவருடைய மதிப்பில் பின்வரிசைக்குப் போகிறது என்பதே இதன் பொருள். ஆகையால் சில பெரிய நிறுவனங்கள் ஆட்களை நிர்வகிக்காமலே உயரும் இரண்டாவது பாதை ஒன்றை வகுத்து, பிரின்ஸிபல் ப்ராடக்ட் மேனேஜர் என்ற பதவிக்கு க்ரூப் மேலாளருக்கு நிகரான சம்பளத்தைத் தருகின்றன. நம் நாட்டில் பல நிறுவனங்களில் இந்தப் பாதை காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. சரக்கைச் செதுக்குவதிலேயே ஆனந்தம் காண்கிறவர்களும் சம்பளத்துக்காகவே மேலாளராக வேண்டியிருப்பது அவர்களுக்கும் நஷ்டம். அவர்களுக்குக் கீழே பணியாற்ற நேர்கிறவர்களுக்கும் நஷ்டம்.

சம்பளத்துக்கு வருவோம். அந்த ஒரு கோடி ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் நிறுவனங்கள் சொல்லும் தொகை சிடிசி எனப்படுவது. அதாவது அந்த ஊழியரை வைத்துக்கொள்ள நிறுவனம் ஆண்டொன்றுக்குச் செலவிடுவதாகக் கணக்கெழுதும் மொத்தம். ஒரு க்ரூப் மேலாளருக்கு அது 60 லட்சம் நிலையான சம்பளமாகவும், 10 லட்சம் செயல்திறனைப் பொறுத்த போனஸாகவும், ஆண்டுக்கு 30 லட்சம் பெறுமான நிறுவனப் பங்குகளாகவும் அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது என் கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணமே என்றாலும், இப்படி ஓர் ஆஃபர் லெட்டர் வருவது இந்தத் துறையில் ஆச்சரியமன்று. 60 லட்சத்தில் பாதி அடிப்படைச் சம்பளமானால், அதில் 12 சதவீதமாகிய 3 லட்சத்து 60 ஆயிரம் நிறுவனத்தின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. பணிக்கொடைக்காகச் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் ஒதுக்கப்படுகிறது. அதுவும் சிடிசிக்குள் அடக்கந்தான், ஆனால் நெடுங்காலம் நீடித்திருந்து விலகும்போதுதான் கைக்கு வரும். மிச்சம் சுமார் 55 லட்சம். ஊழியர் தம் பங்காகவும் அதே 3 லட்சத்து 60 ஆயிரத்தை வைப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 சதவீதம், மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின்மேல் 10 சதவீதக் கூடுதல் வரி, அதற்கும் மேல் 4 சதவீதத் தீர்வை என்று கூட்டினால், 2025-26 நிதியாண்டின் விகிதப்படி வரி ஏறக்குறைய 13 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. இவையெல்லாம் போக, போனஸும் பங்கும் வராத ஒரு சாதாரண மாதத்தில் வங்கியில் விழும் தொகை 3 லட்சத்துச் சொச்சம். ஒரு கோடியைப் பன்னிரண்டால் வகுத்து 8 லட்சத்துக்கு மேல் எதிர்பார்த்திருந்த வீட்டாருக்கு இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்று லட்சம் மாத வருமானம் நம் நாட்டில் மிக உயர்ந்த வருமானமே. அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது, மிச்சத் தொகை வேறு ஜாதியைச் சேர்ந்தது என்பதை. போனஸ் நிறுவனத்தின் அந்த ஆண்டு லாபத்தையும் மேலதிகாரியின் மதிப்பீட்டையும் பொறுத்தது; முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம். பங்குகளோ அதிலும் நிச்சயமற்றவை. வழக்கமாக அவை நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாக உரிமையாகின்றன; முதல் ஆண்டு முடிவதற்கு முன்னால் விலகினால் ஒன்றுமே கிடையாது. நான்கு பகுதிகளும் எப்போதும் சமமாக இருக்கும் என்பதும் இல்லை. அமேசான் நெடுங்காலம் பின்பற்றிய முறையில் முதலாண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, பின்னிரண்டு ஆண்டுகளிலும் 40, 40 என்று வந்தது. தொடக்கத்துக் குறைவை ஈடுசெய்ய ரொக்கமாக ஒரு தொகையைத் தந்தார்கள். ஆகவே ஆஃபர் லெட்டரில் பங்கின் மொத்த மதிப்பை மட்டும் பார்த்து நான்கால் வகுத்துக்கொள்வது தவறு. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் இடம்பெறாத சிறு நிறுவனங்களில் விஷயம் இன்னும் சிக்கலானது. அங்கே கிடைப்பது பங்கன்று. பின்னொரு நாள் இன்ன விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. ஈசாப் என்று அனைவரும் வழங்குவது இதைத்தான். ஒருவரிடம் 5,000 பங்குகளுக்கு அத்தகைய உரிமை, பங்கொன்றுக்கு 100 ரூபாய் விலையில் இருக்கிறது என்று கொள்வோம். இன்றைய மதிப்பு 900 ரூபாய். அவர் உரிமையைப் பயன்படுத்தி வாங்கினால் 5 லட்சம் ரூபாய் விலையாகக் கட்ட வேண்டும். அத்துடன், 800 ரூபாய் வித்தியாசத்தை 5,000ஆல் பெருக்கி வரும் 40 லட்சம் அந்த ஆண்டே சம்பள வருமானமாகக் கருதப்பட்டு, 12 லட்சத்துக்கும் மேல் வரி கட்ட நேரும். சந்தையில் விற்க முடியாத ஒரு காகிதத்துக்காக 17 லட்சம் ரூபாய் ரொக்கம்! 2020ஆம் ஆண்டு பட்ஜெட் இந்த வரியை ஒத்திப்போடும் சலுகையைக் கொண்டுவந்ததென்றாலும், அது குறிப்பிட்ட தகுதிச் சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்-அப்புகளில் பணிபுரிவோருக்கு மட்டுமே. வேலையை விட்டு விலகினால் 90 நாட்களுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிடில் அது காலாவதியாகிவிடும் என்ற நிபந்தனையும் பல நிறுவனங்களில் உண்டு. இவ்வாறு, பல ஆண்டு உழைத்துச் சேர்த்த உரிமையை, விலகும் நாளில் பணமில்லாமையால் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த 90 நாள் நிபந்தனையைத் தளர்த்தும்படி சேரும்போதே கேட்பது, சம்பளத்தில் மேலும் இரண்டு லட்சம் கேட்பதைவிட விவேகமான காரியம்.

வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகளைப் பெறுகிறவர்களுக்கு வேறொரு கடமை இருக்கிறது. உரிமையாகும் நாளின் சந்தை விலைக்கு வரி கட்டிவிட்டதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வைத்திருக்கும் பங்குகளை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால், அத்தகைய சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டியிருக்கும் பட்சத்தில், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. ஒளித்துவைக்கும் எண்ணம் சிறிதும் இல்லாத சம்பளக்காரர்கள், அறியாமையால் மட்டுமே சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் இது.

இத்தனை நிச்சயமின்மை இருந்தும் நிறுவனங்கள் ஏன் இப்படிச் சம்பளத்தை வகுக்கின்றன? ஏமாற்றுவதற்காக என்று நினைப்பது நியாயமன்று. ஒரு ப்ராடக்ட் மேனேஜர் இன்று எடுக்கும் தீர்மானம் சரியா தவறா என்பது வெளிப்பட இரண்டு மூன்று ஆண்டு ஆகிறது. அவருடைய மேலாளர் செய்த ஆள் தேர்வு சரியா என்பது தெரிய அதைவிட நாளாகிறது. பலன் தாமதமாக வரும் உழைப்புக்குக் கூலியையும் தாமதமாகக் கொடுக்கிறார்கள். மேலே போகப் போகத் தாமதமும் கூடுகிறது. இந்த நியதி சிகரத்தில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைச் சுந்தர் பிச்சையின் 2022ஆம் ஆண்டு ஊதியக் கணக்கே காட்டும். சுமார் 22 கோடியே 60 லட்சம் டாலர் என்று உலகமெங்கும் பேசப்பட்ட அத்தொகையில் ரொக்கச் சம்பளம் 20 லட்சம் டாலர் மட்டுமே. ஏறக்குறைய மற்றதெல்லாம் மூன்றாண்டுக்கொரு முறை வழங்கப்படும் பங்குகள், அவற்றிலும் பெரும்பகுதி நிறுவனத்தின் பங்கு விலை மற்றப் பெரிய நிறுவனங்களை முந்தினால்தான் முழுமையாகக் கிடைப்பவை.

வாக்குறுதி பலித்த கதையும் நம் ஊரிலேயே உண்டு. சென்னையில் ஸோஹோ நிறுவனத்தின் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பிரிவில் வைஸ் பிரசிடென்டாக இருந்த கிரீஷ் மாத்ருபூதம், 2010ஆம் ஆண்டு விலகித் தொடங்கிய நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரோடு 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றபோது, அதன் ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்கிறார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 70 பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் அவரே அறிவித்தார். உழைத்தவர்களுக்கு உடைமையில் பங்கு கொடுத்த அந்தச் செய்தியில் எவரும் மகிழத்தான் வேண்டும். அதே கதையின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 36 டாலர் விலையில் வெளியிடப்பட்டு முதல் நாளே உயர்ந்த அப்பங்கு, அடுத்த ஆண்டே 20 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆரம்ப காலத்திலேயே மிகக் குறைந்த மதிப்பில் பங்கு பெற்றவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. உச்சத்தில் விலை இருந்தபோது சேர்ந்து, அந்த விலையையே தம் சம்பளக் கணக்கில் எழுதிக்கொண்டவர்களுக்குக் கணக்கு பாதியாயிற்று. ஒரே நிறுவனம், ஒரே திறமை, ஒரே பதவி. சேர்ந்த ஆண்டு மட்டும் வேறு.

சம்பளம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளும் வழிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021இலும், நியூயார்க் நகரம் 2022 நவம்பரிலும், கலிபோர்னியா 2023 ஜனவரியிலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பை வெளியிட வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதனால்தான் கலிபோர்னியாவின் பெரிய நிறுவனங்களில் மூத்த ப்ராடக்ட் மேனேஜருக்கு அடிப்படைச் சம்பளமே ஆண்டுக்கு 2 லட்சம் டாலரைத் தொடுவது இன்று எல்லோரும் காணக்கூடிய செய்தியாகியிருக்கிறது. எச்-1பி விசாவுக்காக நிறுவனங்கள் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குச் சமர்ப்பிக்கும் விண்ணப்பங்களும் பகிரங்கமானவை. எந்தப் பதவிக்கு எவ்வளவு சம்பளம் என்பதை யாரும் படிக்கலாம், பங்கு மட்டும் அதில் தெரியாது. மேலும், முந்தைய வேலையில் என்ன சம்பளம் வாங்கினீர்கள் என்று கேட்பதையே கலிபோர்னியா 2018 முதல் தடைசெய்துவிட்டது. நம் நாட்டிலோ விளம்பரத்தில் தொகை இருப்பதில்லை. நேர்காணலின் முதற் கேள்வியே இப்போதைய சிடிசி என்ன என்பதுதான். அதன்மேல் 30 சதவீத ஹைக், 40 சதவீத ஹைக் என்று பேரம் நடக்கிறது. இந்த வழக்கத்தின் அநீதியை நாம் போதிய அளவு உணரவில்லை. முதல் வேலையில் பேரம் பேசத் தெரியாத, அல்லது குடும்பக் கஷ்டத்தால் கிடைத்ததை ஏற்றுக்கொண்ட ஒருவர், திறமை எவ்வளவு வளர்ந்தாலும் அந்த முதல் தொகையின் நிழலிலேயே பத்தாண்டு நடக்க வேண்டியிருக்கிறது. குழந்தைப்பேற்றுக்காக இடைவெளி எடுத்துத் திரும்பும் பெண்களுக்கு இந்த நிழல் இன்னும் நீளம். பதவிக்குத்தான் சம்பளம், ஆளின் பழைய சம்பளத்துக்கு அன்று என்ற முறை இங்கேயும் சட்டமாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பதவி உயர்வைப் பற்றிய எதிர்பார்ப்பிலும் ஓர் எளிய கணக்கு மறக்கப்படுகிறது. ஒரு க்ரூப் மேலாளருக்குக் கீழே ஐந்தாறு பேர். அத்தகைய ஐந்தாறு மேலாளர்களுக்கு ஒரு டைரக்டர். நிறுவனம் வளராமல் இருந்த இடத்திலேயே இருக்குமானால், ஐந்தாறு பேரில் ஒருவருக்குத்தான் அடுத்த படி கிடைக்கும், அதுவும் மேலே ஒருவர் விலகும்போது. ஆகவே ஒருவர் எத்தனை ஆண்டில் மேலாளராவார் என்பது அவருடைய திறமையைக் காட்டிலும் அவர் சேர்ந்த நிறுவனம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையே பொறுத்திருக்கிறது. ஐந்தாண்டில் உயர்ந்தவர் அறிவாளி என்றும், பத்தாண்டாகியும் உயராதவர் மந்தமானவர் என்றும் உறவினர்கள் நினைப்பதும், அவர்களே தங்களைப் பற்றி அவ்வாறு நினைத்துக்கொள்வதும் ஆதாரமற்றவை.

வளர்ச்சி நின்றபோது என்ன நடந்தது என்பதைச் சென்ற சில ஆண்டுகளில் பார்த்தோம். கொரோனாக் காலத்தில் வெள்ளம்போல் ஆள் எடுத்த நிறுவனங்களில் மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரையும் குறைக்கப் போவதாக அறிவித்தது. மேலாளர்களுக்கு மேலாளர்கள் என்று அடுக்குகள் மிகுந்துவிட்டன என்று சொல்லி, மேலாளர் பலரை மீண்டும் ஆட்களை நிர்வகிக்காத தனி ஊழியர்களாகப் பணியாற்றும்படி மார்க் ஸக்கர்பெர்க் கேட்டுக்கொண்டார். 2024 செப்டம்பரில் அமேசானின் தலைவர் ஆண்டி ஜாஸி, மேலாளர்களோடு ஒப்பிடத் தனி ஊழியர்களின் விகிதத்தைக் குறைந்தது 15 சதவீதம் உயர்த்தும்படி ஒவ்வொரு பிரிவுக்கும் உத்தரவிட்டார். 2023இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தலைவர் பிரையன் செஸ்கி, தம் நிறுவனத்தில் பழைய வடிவத்திலான ப்ராடக்ட் மேனேஜ்மென்டையே எடுத்துவிட்டு, சரக்கைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்போடு அதை ஒன்றாக இணைத்துவிட்டதாகச் சொன்னார். வாடிக்கையாளர் கருத்துகளைத் தொகுப்பது, விவரக் குறிப்பு எழுதுவது போன்ற அன்றாட வேலைகளில் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது நிமிஷத்தில் முடித்துக்கொடுப்பதும் சேர்ந்து, நடு அடுக்கு மேலாளரின் இருக்கை முன்போல் பத்திரமானதாக இல்லை. பிறரை மேற்பார்ப்பது மட்டுமே வேலையாக ஆகிவிட்டவர், தம் கையால் ஒரு சரக்கை முன்னெடுத்துச் செல்லும் பயிற்சியை விட்டுவிட்டால், அடுக்கு குறைக்கப்படும் நாளில் போக்கிடம் இன்றி நிற்க நேரும். மேலாளர் நிலையிலிருந்து தனி ஊழியராகத் திரும்புவதை அவமானமாகக் கருதும் நம் ஊர் மனோபாவமும் அந்த நாளை மேலும் கடினமாக்குகிறது.

இந்தியாவில் இந்தப் பதவிகள் பெருகியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அந்நிய நிறுவனங்கள் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, புனே போன்ற நகரங்களில் சொந்தமாக நடத்தும் மையங்கள், 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1,700க்கும் அதிகம். அப்போது அவற்றில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் பணிபுரிந்தார்கள். முன்பு அங்கே இட்டதைச் செய்யும் வேலை மட்டுமே வந்தது. இப்போது எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் வேலையும் ஓரளவு வந்திருக்கிறது. ஆனால் இந்த ஓரளவு என்பது மையத்துக்கு மையம் மிகவும் வேறுபடுகிறது. ஒரே பதவிப் பெயர், ஒரே சம்பளம். ஓரிடத்தில் மேலாளர் விலையை நிர்ணயிக்கிறார், வாடிக்கையாளரைச் சந்திக்கிறார், சரக்கை நிறுத்தும் உரிமையும் பெற்றிருக்கிறார். இன்னோரிடத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தொலைவிலிருந்து வரும் தீர்மானத்தைக் காலையில் பொறியாளர்களுக்கு எடுத்துச் சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. முதல் இடத்தில் மூன்று ஆண்டு இருந்தவருக்குக் கிடைக்கும் அனுபவம் பின்னால் எங்கே போனாலும் மதிப்புப் பெறும். இரண்டாவது இடத்தில் கூடுதலாக 20 லட்சம் கிடைத்தாலும், அடுத்த நேர்காணலில் நீங்கள் எதைத் தீர்மானித்தீர்கள் என்ற கேள்விக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இராது.

ஆகையால் அழைப்புக் கடிதம் கைக்கு வந்து, பல நிறுவனங்களில் மூன்று மாதம் வரை நீளும் நோட்டீஸ் பீரியட் தொடங்குவதற்கு முன்னால், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பங்குகள் எந்த ஆண்டில் எத்தனை சதவீதம் உரிமையாகும். எந்த விலையை வைத்து அவற்றின் மதிப்பு கணக்கிடப்பட்டது. சென்ற மூன்று ஆண்டுகளில் போனஸ் அறிவித்த அளவில் எத்தனை சதவீதம் உண்மையில் கொடுக்கப்பட்டது. ஒரு சரக்கின் விலையை மாற்ற வேண்டுமானால் யாருடைய ஒப்புதல் தேவை. ஆள் எடுக்கும் இறுதி உரிமை யாரிடம் இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு மனிதவளப் பிரிவினர் தயங்காமல் விடை தரும் இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட விஷயத்தைத் துலக்கும் கேள்வி, இதே இருக்கையில் இதற்கு முன் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது. அவர் அதே நிறுவனத்தில் டைரக்டராக இருந்தால் ஒரு கதை. பதினெட்டு மாதத்தில் விலகியிருந்தால் வேறு கதை. அப்படி ஓர் இருக்கையே இதுவரை இல்லை, உங்களுக்காகவே உண்டாக்கப்பட்டது என்றால், அதை உண்டாக்கியவர் யார், அவர் இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருக்கப் போகிறார் என்று மேலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.